தொலைநிலை இதய மறுவாழ்வு: செயலி சொல்வதை நம்பி அப்பாவை நடக்க விடலாமா?

இராயக்கோட்டை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 60. இராயக்கோட்டைக்கு அருகே எங்கள் சொந்த நிலத்தில் தக்காளியும் கேழ்வரகும் பயிர் செய்கிறார். அண்மையில் அவருக்கு மாரடைப்பு வந்து, பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் இதயத்தின் இயக்கத் திறன் 45 விழுக்காடு என்று குறித்திருக்கிறார்கள். மெட்டோப்ரோலால், ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக்கொள்கிறார்.

வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று மாத கால இதய மறுவாழ்வுப் பயிற்சி அவசியம் என்று சொன்னார்கள். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்கே வந்து, கண்காணிப்பில் பயிற்சி செய்யலாம். அல்லது வீட்டிலிருந்தபடியே கைக்கடிகாரமும் கைப்பேசிச் செயலியும் கொண்டு செய்யலாம் என்றார்கள். ஓசூர் வழியாக பேருந்து மாறிப் பெங்களூர் போய்த் திரும்பினால் ஒரு நாளே போய்விடும். அந்த அலைச்சலே அவருக்கு ஆகாது. எனவே இரண்டாவது வழியைத்தான் யோசிக்கிறோம்.

அந்தச் செயலியில் செயற்கை நுண்ணறிவு இருப்பதாகவும், நாடித் துடிப்பைப் பார்த்து அன்றாடம் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதை அதுவே கூட்டியும் குறைத்தும் சொல்லும் என்றும் விளக்கினார்கள். இங்குதான் எனக்குத் தயக்கம். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தோட்டத்தில் சில இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தைத் தாண்டி வந்த ஒரு மனிதர் எவ்வளவு நடக்கலாம், எப்போது மறுபடியும் தக்காளி கிரேட் தூக்கலாம் என்பதை ஒரு கணினி நிரல் முடிவு செய்வது முறைதானா? அனுபவம் உள்ளவர்களும் மருத்துவத் துறையில் இருப்பவர்களும் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இயன்முறை மருத்துவர், தருமபுரி

வணக்கம் சகோதரி. முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். வீட்டிலிருந்தே செய்யும் இதய மறுவாழ்வு என்பது மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்குக் கொடுக்கும் இரண்டாம் தரச் சிகிச்சை அன்று. வீட்டில் செய்தவர்களையும் மையத்துக்குச் சென்று செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு பலமுறை தொகுத்துப் பார்த்திருக்கிறது. குறைந்த, மிதமான ஆபத்துள்ள நோயாளிகளிடம் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே வீட்டில் செய்வதா என்பதில் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அந்தச் செயலி எந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டு உங்கள் தந்தையை நடக்கச் சொல்கிறது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

பல செயலிகள் 220இலிருந்து வயதைக் கழித்து, அதுவே ஒருவரின் உச்சத் துடிப்பு என்று வைத்துக்கொள்கின்றன. உங்கள் தந்தைக்கு அது 160 ஆகும். அதில் 64 முதல் 76 விழுக்காடு வரை மிதமான உழைப்பு என்று கொண்டால், நிமிடத்துக்கு 102 முதல் 122 வரை துடிப்பு வரும்படி நடக்கச் சொல்லும். ஆனால் அவர் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைப்பதுதான். அதைச் சாப்பிட்ட நிலையில் அவருக்கு டி.எம்.டி. எனப்படும் டிரெட்மில் சோதனை செய்து, ஓய்வில் 60 துடிப்பும் தாங்கக்கூடிய உச்சத்தில் 120 துடிப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையிலான 60 துடிப்புதான் அவருடைய கையிருப்பு. அந்தக் கையிருப்பில் 40 முதல் 60 விழுக்காடு வரை பயன்படுத்தினால் 84 முதல் 96 வரை வரும். அதாவது, அவருக்கு 84இலிருந்து 96 வரை போதும் என்னும்போது, வயதுக் கணக்கை நம்பிய செயலி அவரைத் தன் உச்சத்தையே தொடும்படி விரட்டும். இதைத் தெரிந்து வைத்திருப்பது மற்ற எல்லா அம்சங்களையும்விட முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

எனவே, பயிற்சியைத் தொடங்கும் முன் அவர் வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிட்ட நிலையிலேயே ஒரு டி.எம்.டி. சோதனையோ, அதற்கு இதயநோய் மருத்துவர் இப்போது ஒப்பவில்லையென்றால் ஆறு நிமிட நடைச் சோதனையோ செய்து, அதில் கிடைக்கும் துடிப்பு எண்ணைச் செயலியில் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், அந்தச் செயலியில் எவ்வளவு நுண்ணறிவு இருந்தாலும் உங்கள் தந்தைக்கு அது பொருந்தாது.

கடிகாரம் இல்லாத இடத்திலும் பயன்படக்கூடிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவுகோல் அது. 6 என்றால் எந்தச் சிரமமும் இல்லை. 20 என்றால் இதற்கு மேல் முடியாது. 11 முதல் 13 வரை, அதாவது இலேசானது என்பதிலிருந்து சற்றுக் கடினம் என்பது வரை, உங்கள் தந்தைக்கு ஏற்றது. என்னிடம் வரும் விவசாயிகளிடம் எண்களைச் சொல்வதில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாடும் அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன். இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள். கடிகாரம் 90 என்று காட்டும்போது அவர் பேசத் திணறுகிறார் என்றால், கடிகாரத்தை விட்டுவிட்டு அவரை நம்புங்கள்.

கணினி நிரல் முடிவு செய்வது முறையா என்று கேட்டிருந்தீர்கள். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளே இதற்கு விடை சொல்கின்றன. செயற்கை நுண்ணறிவில் இயங்கும் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை வழங்கவோ மருந்து எழுதவோ கூடாது. பதிவு பெற்ற மருத்துவருக்கு அவை துணையாக இருக்கலாம், ஆனால் முடிவு மருத்துவருடையது என்று அவை தெளிவாகக் கூறுகின்றன. ஆகவே செயலியின் திட்டத்துக்கு எந்த மருத்துவர் பொறுப்பு என்று பெயர் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஓசூர் பொறியாளர்

உடலில் அணியும் கருவிகளின் தரவைக் கையாளும் பணியில் இருப்பவன் என்ற முறையில், முந்தைய பதிவோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

கைக்கடிகாரம் நாடியைப் பிடித்துப் பார்ப்பதில்லை. அதன் அடிப்புறத்தில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. இரத்தம் பாயும்போது ஒளி கூடுதலாக உறிஞ்சப்படுகிறது, வடியும்போது குறைவாக. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் துடிப்பைக் கணக்கிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். கையை வீசி நடக்கும்போது சிக்கல் வரும். ஒருவர் நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல் சீராக எடுத்து வைத்தால், கை அசைவின் தாளத்தையே நாடித் துடிப்பு என்று கடிகாரம் எடுத்துக்கொள்வதுண்டு. உண்மையான துடிப்பு 88 ஆக இருக்கும்போது அது 108 என்று காட்டும். செயலியும் உடனே வேகத்தைக் குறைக்கச் சொல்லும். பட்டை தளர்வாக இருந்தாலும், மண்வெட்டி பிடித்து மணிக்கட்டை மடக்கினாலும் இதே குழப்பம் நேரும். கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, தோலோடு ஒட்டும்படி கட்டச் சொல்லுங்கள். மருத்துவமனை மார்புப் பட்டையைக் கொடுத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அது இதயத்தின் மின் அசைவை நேரடியாகப் பதிவு செய்வதால் நடையின்போது நம்பகமானது.

செயற்கை நுண்ணறிவு மெய்யாகவே கைகொடுப்பது கை அசைவு கலந்த இந்தத் துடிப்புப் பதிவைச் சுத்தப்படுத்துவதிலும், ஒழுங்கற்ற துடிப்பை அடையாளம் காண்பதிலும்தான். 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் பங்கேற்றார்கள். ஒழுங்கற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை பெற்றவர்கள் அவர்களில் 0.52 விழுக்காட்டினரே. அவர்களில் பின்னர் ஈசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு, உறுதியானது 34 விழுக்காட்டினருக்கு. இந்தக் கோளாறு வந்து வந்து போகும் இயல்புடையது என்பதால் மற்றவர்களுக்கு வந்ததெல்லாம் பொய் எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது. என்றாலும், எச்சரிக்கை என்பது பரிசோதனைக்கான தொடக்கமே ஒழிய நோயின் முடிவான அடையாளம் அன்று என்பது இதிலிருந்து விளங்கும். கடிகாரத்தில் எடுக்கும் ஒற்றைத் தட ஈசிஜியால் மாரடைப்பைக் கண்டறிய முடியாது என்பதையும் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நெஞ்சு வலிக்கும்போது கடிகாரம் எல்லாம் சரி என்று காட்டினால், அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

சிக்னல் குறித்துக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கடிகாரங்கள் இணைப்பு இல்லாதபோது தரவைத் தம்மிடமே சேமித்து வைத்து, கைப்பேசிக்கு அருகில் வந்ததும் அனுப்பும். அன்றாடப் பதிவுக்கு அது போதும். ஆனால் தோட்டத்தில் காலை ஏழு மணிக்கு எழுந்த எச்சரிக்கை, வீடு திரும்பிய பிறகு பத்து மணிக்குத்தான் மருத்துவமனையை எட்டும் என்பதை மனதில் வையுங்கள்.

அஞ்செட்டிவாசி

எனக்கு பைபாஸ் ஆன பிறகு இதே போன்ற ஒரு திட்டத்தில் சேர்ந்து முழுமையாக முடித்தவன் என்பதால் எழுதுகிறேன். பயனுள்ளதாகவே இருந்தது. ஆனால் அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் எங்கள் ஊரைப் பார்த்தவர்கள் அல்லர்.

தினமும் காலை ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சிக்குப் புறப்படச் சொல்லி அது ஒலி எழுப்பும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், விடியும் முன் காட்டோரச் சாலையில் யானை நிற்கும் காலங்கள் உண்டு. நான் போகாத நாளையெல்லாம் ஒத்துழைக்காத நாள் என்று செயலி குறித்துக்கொண்டது. மூன்று நாள் தொடர்ந்து அப்படிப் பதிவானதும் மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் அன்றே நேரத்தை மாலை நான்கரைக்கு மாற்றி, எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடந்தால் போதும் என்று குறித்துக் கொடுத்தார். நான் விட்டுவிடப் போகிறேன் என்பதை நிரல் சரியாகக் கண்டுகொண்டது. ஏன் என்பதை அந்தச் செவிலியர்தான் கேட்டார். இரண்டும் சேர்ந்ததால்தான் நான் தொடர்ந்தேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

உணவுப் பகுதி எங்களுக்கு உதவவில்லை. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் என்று பரிந்துரைத்ததே தவிர, களி என்று சொன்னால் அதற்குப் புரியவில்லை. நான் மதியம் சாப்பிடுவது கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், சில நாள் கொள்ளுச் சட்னியும். இதில் குறைக்க வேண்டியது களியை அன்று, கூடவே வைத்துக்கொள்ளும் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பை என்று உணவியல் நிபுணர் நேரில் விளக்கிய பிறகே தெளிவு வந்தது. உங்கள் தந்தை சாப்பிடுவதை ஒரு வாரம் தாளில் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். செயலியில் பட்டியலைத் தேடித் தேடிப் பதிவு செய்வதைவிட அது எளிது.

அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்றால், தமிழில் குரல்வழிச் செய்தி வருமா என்று முதலிலேயே கேட்டு, ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு வந்த குரல், செய்தித்தாளில் எழுதுவது போன்ற தமிழில் பேசியது. மருமகள்தான் ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இராயக்கோட்டை மகள்

இவ்வளவு அக்கறையோடு விளக்கியதற்கு அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன கேள்விகளை எல்லாம் இன்று மருத்துவமனையில் கேட்டேன். டி.எம்.டி. சோதனை செய்து அவருடைய எண்ணையே பதிவு செய்வோம் என்று ஒப்புக்கொண்டார்கள். பொறுப்பு மருத்துவரின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்கள். மார்புப் பட்டை தனிக் கட்டணம் என்றார்கள், வாங்கிக்கொள்கிறோம். கைப்பேசி, ஓசூரில் வேலை பார்க்கும் தம்பியின் பழைய போனாக இருக்கும்.

ஆனால் ஒரு பதில் எனக்கு நிம்மதி தரவில்லை. எச்சரிக்கைகளைச் செவிலியர் பார்ப்பது காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டுமே என்கிறார்கள். இரவில் எச்சரிக்கை வந்தால் மறுநாள் காலைதான் பார்ப்பார்களாம். அப்படியானால் இரவில் ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது? மேலும், அப்பா அன்றாடம் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கிரேட் எப்போது தூக்கலாம்?

சமுதாயச் செவிலியர், கிருஷ்ணகிரி

இரவு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இந்தத் திட்டங்கள் மறுவாழ்வுக்கானவை. அவசர உதவிக்கானவை அல்ல. கடிகாரம் யாரையோ எழுப்பிவிடும் என்று குடும்பம் நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கையே தாமதத்துக்குக் காரணமாகிவிடும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் செயலியைத் திறக்காமல் 108ஐ அழையுங்கள். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் உங்கள் தந்தை ஏற்கெனவே இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே கொண்டுபோய்க் கொடுத்து, மருத்துவ அலுவலரிடம் ஒரு முறை அவரை நேரில் காட்டிவிடுங்கள்.

இன்னொரு உதவியையும் நீங்கள் கேட்டுப் பெறலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவது பலருக்கும் தெரியும். இயன்முறைச் சிகிச்சையும் அத்திட்டத்தில் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அளக்கும் இரத்த அழுத்தத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதையும் பெங்களூருக்கு அனுப்புங்கள். துடிப்பை மட்டுமே பார்க்கும் செயலிக்கு அந்த அளவு தெரியாது.

நுட்பமான நிரல் இல்லாவிட்டால் பலன் இருக்காது என்றும் எண்ண வேண்டாம். சிட்னியில் 710 இதய நோயாளிகளிடம் நடந்த டெக்ஸ்ட் மீ ஆய்வில், வாரத்துக்கு நான்கு குறுஞ்செய்திகள் வீதம் ஆறு மாதம் அனுப்பினார்கள். முடிவில் செய்தி பெற்றவர்களில் புகைப்பவர்கள் 26 விழுக்காடாகவும், பெறாதவர்களில் 43 விழுக்காடாகவும் இருந்தார்கள். நம் நாட்டில் 24 மருத்துவமனைகளில் 3,959 பேரிடம் நடந்து 2020இல் வெளியான யோகா-கேர் ஆய்வில், இறப்பும் மறு மாரடைப்பும் தெளிவாகக் குறைந்ததாக நிறுவ முடியவில்லை என்றாலும், யோகப் பயிற்சி பெற்றவர்கள் தம் உடல்நிலை நன்றாக இருப்பதாக உணர்ந்து பழைய வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள். பட்டன் போனுக்கே குறுஞ்செய்தி வரும். சிக்னல் இல்லாத நாளிலும் மூச்சுப் பயிற்சி செய்யலாம். செயலி நின்றுபோனால் எல்லாமே நின்றுபோனது என்று உங்கள் தந்தை நினைத்துவிடக் கூடாது.

இயன்முறை மருத்துவர், தருமபுரி

கிரேட் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அவருக்கு அதுதான் மறுவாழ்வு. மற்றவை அதற்கான வழி.

நிறைந்த தக்காளி கிரேட் இருபத்தைந்து கிலோ அளவுக்கு இருக்கும். அதைக் குனிந்து தூக்கும்போது நம் விவசாயிகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சில விநாடிகளில் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மெட்டோப்ரோலால் சாப்பிடுபவரின் துடிப்போ பெரிதாக மாறாது. ஆகவே கடிகாரத்தில் இது நிதானமான நேரம் என்றே பதிவாகும். செயலி பச்சை நிறம் காட்டுகிறது என்பதற்காக அவர் கிரேட் தூக்கத் தொடங்கிவிடக் கூடாது. நடையில் முன்னேற்றம் வந்திருப்பதை வைத்து எடை தூக்கும் தகுதியைக் கணிக்க இயலாது. அது தனியாகப் பயிற்றுவிக்க வேண்டியது.

முதல் சில வாரங்கள் நடை மட்டும் போதும். டி.எம்.டி. முடிவு திருப்தியாக இருந்து இதயநோய் மருத்துவரும் அனுமதித்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்து, தூக்கும்போது மூச்சை வெளியே விடும் பழக்கத்தை முதலில் கற்க வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் செயலியில் எழுந்து உட்காருவதைக் கைப்பேசிக் கேமரா மூலம் எண்ணும் வசதி இருந்தால், முதுகை வளைக்கிறாரா என்பதையும் அது ஓரளவு கண்டு சொல்லும். அதன் பிறகு எடையைப் படிப்படியாகக் கூட்டலாம். முழு கிரேட்டுக்கு அவர் திரும்புவாரா, எப்போது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. இயக்கத் திறன் 45 விழுக்காடு இருப்பதால் மறு எக்கோவைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை கிரேட்டில் பாதி அளவு நிரப்பி இருவர் சேர்ந்து தூக்குவதாக இருந்தாலும்கூட, அந்த இருவரில் ஒருவர் அவராக இருக்க வேண்டாம். தரம் பிரிப்பது, கணக்கு எழுதுவது, சொட்டுநீர்க் குழாய்களைப் பார்த்து வருவது ஆகியவற்றை அவர் செய்யலாம். மண்டிக்குப் போய் விலை பேசிவிட்டும் வரலாம்.

டி.எம்.டி. சோதனையன்று காலையில் மெட்டோப்ரோலாலைச் சாப்பிடலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயைக் கண்டறியச் செய்யும் சோதனைக்குச் சில நேரம் நிறுத்தச் சொல்வார்கள். பயிற்சியின் அளவை வகுக்கச் செய்யும் சோதனைக்கு அவர் அன்றாடம் சாப்பிடுவதைப் போலவே சாப்பிட்டிருக்க வேண்டும். இது எதற்கான சோதனை என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.